ஒரு கோடு மருந்து

அந்தக் காலத்து மருந்து பாட்டிலை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? டிஸ்பென்சரிக்குப் போகும்போது பாட்டிலை நாம்தான் கழுவி எடுத்துப் போக வேண்டும். கம்பவுண்டர் அதில் கலவையை ஊற்றி, ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து, ஓரத்தைக் கத்தரித்து, பிரித்து, பாட்டிலின் பக்கத்தில் கஞ்சிப் பசையால் ஒட்டுவார். பிரித்த காகிதம் சின்ன ஏணி மாதிரி இருக்கும். ஏணியில் ஒரு படி இறங்கினால் ஒரு வேளை மருந்து உள்ளே போயிற்று என்று கணக்கு. நாங்கள் அதைக் கோடு என்போம். "இன்னிக்கு எத்தனை கோடு குடிச்சே?" என்று கேட்காத தாய் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இருந்திருக்க மாட்டாள்.

இப்போது என் மகள் மாத்திரைகளைக் கிழமை போட்ட பெட்டியில் அடுக்கித் தருகிறாள். திங்கள் பெட்டியில் மாத்திரை மிச்சம் இருந்தால் என்னைத் திட்டுகிறாள். திட்டட்டும். பாட்டிலில் கோடு இறங்கியிருப்பதை வைத்து மருந்து வயிற்றுக்குள் போனது என்று நம்பக் கூடாது என்பதை அவளைவிட நான் நன்றாக அறிவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வரிசை வீடு, ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேதக்கார அத்தை வீடு. அவர் வீட்டில் மாதா படத்துக்கு முன் எரியும் மெழுகுவர்த்தியின் வாசனை எங்கள் வீட்டு விபூதி வாசனையோடு கலந்துதான் எனக்குத் தெரியும். எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் ஒற்றைப் பிள்ளை. அதனால் வாய் கொஞ்சம் அதிகம். அந்த வாய்தான் இந்தக் கதையின் முதல் குற்றவாளி.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைக் கையில் வாங்கியவரே அவர்தான் என்று அம்மா சொல்வாள். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் குடை, சைக்கிளின் பின்னால் கட்டிய தோல் பை. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே கை கழுவி, தன் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டுதான் நோயாளியிடம் வருவார். யாருடைய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் வீட்டில் புருஷன் குடிக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டார்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. அதை அவள் எத்தனை மாதம் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று காட்டவில்லை. அது உடைந்து, ரவிக்கையில் கறை ஊறி, வாடை வந்த பிறகுதான் அத்தை கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னார். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே வெள்ளைக்கார டாக்டர் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, காலம் கடந்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் டாக்டர் வந்து அப்பாவை வாசலுக்கு அழைத்துப் பேசியது எனக்குக் கேட்டது. இது புற்று, மாறாது, நோவு குறையப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்றார். அவளிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகவும் சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டரய்யா. தெரிஞ்சா அன்னிக்கே செத்துப் போயிடுவா."

டாக்டர் குடையின் பிடியைத் தடவினார். பிறகு சரியென்று தலையசைத்தார். உள்ளே வந்து அம்மாவிடம், "இனி நான் பாத்துக்கொள்ளுறன்" என்று மட்டும் சொன்னார். அம்மா முகம் மலர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்காரன் கைவிட்டாலும் நம்ம டாக்டர் பார்த்துக்கொள்வார், குணமாகிவிடும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். அம்மா கூச்சப்படுவது தெரிந்து அவரே ஒரு வழி சொன்னார். பழைய சேலை ஒன்றில் அத்தை வட்டமாக ஓர் ஓட்டை வெட்டினார். அம்மாவைக் கழுத்து வரை அந்தச் சேலையால் போர்த்தி, புண் மட்டும் ஓட்டையில் தெரியும்படி அத்தை சரிசெய்வார். அதுவரை டாக்டர் எங்கள் வீட்டு நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பேசினில் மருந்துப் பொடியைப் போடுவார். ஒரு சிட்டிகைப் பொடி நீரைக் கிழித்துக்கொண்டு இறங்கி, பேசின் முழுவதும் கத்தரிப்பூ நிறமாகும். அந்த நீரால் புண்ணைக் கழுவுவார். வாடையில் அத்தைகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டர் ஒரு நாளும் மூக்கைச் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சேலை பச்சையில் மஞ்சள் கட்டம். அம்மா போன பிறகு அதைத் தேடினேன். எரித்துவிட்டார்கள்.

வலிக்காக ஒரு மருந்து எழுதினார். பாட்டிலை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். கம்பவுண்டர் வாயாடி. எனக்கு ஏற்ற ஆள். கலந்துகொண்டே, "பத்திரமா எடுத்துட்டுப் போ. உள்ளே அபினும் இருக்கு, சாராயமும் இருக்கு. உங்கம்மா இனிமே கள்ளுக்கடைப் பக்கமே போக வேணாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே அம்மாவிடம், கம்பவுண்டர் குரலிலேயே நடித்துக் காட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. அன்று காலைதான் அப்பா மாலை போட்டிருந்தார். அம்மா எழுந்து நடந்தால் பத்துமலையில் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கிவிட்டார். பூசம் முடிந்து மூன்றாம் நாள், விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூஜை வரை இருபத்தொரு நாள். வீட்டில் கவுச்சி இல்லை. அப்பாவுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். விரத வீட்டில் சாராயம் கால் வைக்கக் கூடாது என்பது உங்களுக்கெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுத்தம் கெட்டுப் போனால் அலகு குத்துகிற இடத்தில் ரத்தம் கொட்டும், காவடி பாதி மலையில் நின்றுவிடும் என்று நாம் கேள்விப்பட்டுத்தானே வளர்ந்தோம்?

அம்மா என்னை அருகே கூப்பிட்டாள். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள்.

"பாப்பா, அப்பா விரதம் முடியற வரைக்கும் இதை நான் தொடமாட்டேன். அப்பாகிட்ட சொன்னா விரதத்தை விட்டுடுவாரு. டாக்டர்கிட்ட சொன்னா மனசு நோவாரு. நீ வேளா வேளைக்கு ஒரு கோடு கீழே ஊத்திடு. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அம்மா தலைமேல சத்தியம்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பதவி கிடைக்குமா? ஏற்றுக்கொண்டேன். காலை, மத்தியானம், சாயங்காலம், பின்கட்டில் பப்பாளி மரத்தின் வேரில், காகிதக் கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் ஊற்றுவேன். தேனும் கசப்பும் கலந்த ஒரு வாடை மண்ணிலிருந்து எழும்பும். பாட்டிலை மறுபடி அலமாரியில் வைக்கும்போது எனக்கு அவ்வளவு பெருமை. என்னை மாதிரி ஒழுங்காக மருந்து கொடுக்கிற பிள்ளை இந்த வரிசையிலேயே இல்லை என்று டாக்டரே அப்பாவிடம் சொன்னார்.

அம்மா எப்படித் தாங்கினாள் என்று இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை. அவள் சத்தம் போட மாட்டாள். சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். சத்தம் இல்லாததால் வலி குறைவு என்று அப்பா நினைத்தார். விரதத்தின் பலன் என்றுகூடச் சொன்னார். டாக்டர் கேட்டால் அம்மா, நல்லா இருக்கு டாக்டரய்யா, மருந்து நல்லா கேக்குது என்பாள்.

டாக்டரை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியுமா? அவர் நாடியைப் பிடித்துக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். முந்தானையில் பல் பட்ட ஓட்டைகளைப் பார்ப்பார். அலமாரியில் பாட்டிலைப் பார்ப்பார். கோடு சரியாக இறங்கியிருக்கும். மருந்து போதவில்லை என்று முடிவு செய்தார். பாட்டில் தீர்ந்ததும் அடுத்ததில் அபினைக் கூட்டச் சொல்லிக் கம்பவுண்டருக்குச் சீட்டு எழுதினார். அதற்கடுத்ததில் இன்னும் கூட்டினார். ஒவ்வொரு தடவையும் கலவையின் நிறம் கறுத்துக்கொண்டே வந்தது. நான் எல்லாவற்றையும் பப்பாளிக்கு ஊற்றினேன். கெட்டிக்காரத்தனத்தில் நான் அவருக்குக் குறைந்தவள் இல்லை.

தைப்பூசத்தன்று அப்பா ரயிலில் பத்துமலைக்குப் போனார். அத்தை அம்மாவோடு இருந்தார். நான் அப்பாவோடு போனேன். அப்போது அங்கே மரப்படிகள். முதுகில் கொக்கிகளும் நாக்கில் வேலுமாக அப்பா ஏறியபோது ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. நான் மறுபடி மறுபடி சுற்றி வந்து பார்த்தேன். வரவே இல்லை. அம்மா சுத்தமாக இருந்ததால்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். குகை வாசலில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் இடும்பன் பூஜை முடிந்து அப்பா மாலையைக் கழற்றினார். அம்மாவின் நெற்றியில் விபூதி பூசினார். அவர் வெளியே போனதும் அம்மா என்னைப் பார்த்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"இப்ப குடு பாப்பா. இனிமே குடிக்கலாம்."

அன்று காலை வாங்கி வந்த புதுப் பாட்டிலில் ஒரு கோடு, அளந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, கசக்குது என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானை வாயிலிருந்து நழுவியது. கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு தூங்கிப் போனாள். அந்த மாதிரி அவள் தூங்கி எத்தனை மாதமாகியிருந்ததோ.

அப்பா வந்து பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். "முருகன் கண்ணைத் தொறந்துட்டான்" என்று மெல்லச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் அன்று பிரசவம் ஒன்றுக்காகக் கிள்ளான் வரை போயிருந்தார், வரவில்லை. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அத்தை தெருவில் விளையாடிய பிள்ளைகளை விரட்டினார். எழுப்பாதீங்க, தூங்கட்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

விடிந்தும் அவள் எழவில்லை. மூச்சு, நினைத்துக்கொண்டு வருகிற மாதிரி, விட்டுவிட்டு வந்தது. அப்பா ஓடிப்போய், இரவே கிள்ளானிலிருந்து திரும்பியிருந்த டாக்டரை அழைத்து வந்தார். அவர் அன்று கை கழுவவில்லை. நேரே உள்ளே வந்து அம்மாவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கன்னத்தைத் தட்டினார், ஊசி போட்டார், கறுப்புக் காப்பி கேட்டார். ரயில்வே பட்டறையின் மத்தியானச் சங்கு ஊதியபோது அம்மா போய்விட்டாள்.

டாக்டர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே ஒரு கோடுதான் இறங்கியிருந்தது, அது புதுப் பாட்டில். என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அம்மா முந்தின மருந்தெல்லாம் ஒழுங்காக் குடிச்சவவோ?"

அம்மா தலை அங்கேயே, பாயில் இருந்தது. அதன்மேல்தானே சத்தியம் செய்திருந்தேன்? "குடிச்சாங்க" என்றேன்.

அவர் அப்பாவிடம் போய், எல்லோரும் கேட்க, "மருந்திலை என்ரை கை கூடிப்போட்டுது" என்றார். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. நீங்க எங்களுக்குச் சாமி மாதிரி டாக்டரய்யா என்று கும்பிட்டார். அவ நிம்மதியா தூக்கத்துல போனா, அது போதும் என்றார். அப்பா கும்பிட்ட அந்தக் கையைப் பார்க்க முடியாமல் டாக்டர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று பழியை அவர் சைக்கிளில் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். பாவம் பின்கட்டில் பப்பாளி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் பழைய டாக்டர் இல்லை. வைத்தியத்தில் குறை வைக்கவில்லை, காய்ச்சலுக்கும் பேதிக்கும் முன்போலவேதான் பார்த்தார். வலிக்கு மருந்து கேட்டால் மட்டும் தண்ணீராகக் கொடுப்பார். தண்டவாளத்தில் கால் நசுங்கியவர்கூட அலறிக்கொண்டு கிடந்தார். டாக்டருக்கு வயசாயிடுச்சு, மருந்துல கஞ்சத்தனம் வந்துடுச்சு என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் வாயாடியின் வாய் திறக்கவில்லை. பல நாள் டிஸ்பென்சரி வாசல் வரை போயிருக்கிறேன். சொன்னால் அம்மா இன்னொரு தடவை செத்துவிடுவாள் என்று தோன்றும். திரும்பிவிடுவேன்.

நான்கு வருஷம் கழித்து அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்தது. அதே பெரிய ஆஸ்பத்திரி, அதே பதில். அத்தை அம்மாவைப் போல இல்லை. வலித்தால் வாய்விட்டு மாதாவைக் கூப்பிடுவார். பலகைச் சுவரின் இந்தப் பக்கம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் அவர் துடிப்பார். என் அம்மாவுக்குத் தினமும் அந்தச் சேலையைப் போர்த்திச் சரிசெய்தவர் அவர். அப்பா ஒரு நாள் டாக்டரிடமே கெஞ்சினார். இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமே என்றார். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஏலாது என்றார்.

மறுநாள் அத்தையின் பாட்டிலை நானே வாங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டரிடம் நிற்காமல் திரையைத் தள்ளி உள்ளே நுழைந்தேன். டாக்டர் நிமிர்ந்தார். பாட்டிலை மேசைமேல் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாராயம், விரதம், சத்தியம், பப்பாளி மரம். சொல்லி முடித்ததும், கூடிப்போனது உங்க கை இல்ல டாக்டரய்யா, நீங்க கூட்டிக் கூட்டிக் குடுத்த மருந்தை, உடம்புக்குப் பழக்கமே இல்லாம, அவங்க முதல் தடவையா அன்னிக்குத்தான் குடிச்சாங்க என்றேன்.

அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று காத்திருந்தேன். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தனை நாள், பிள்ளை?"

"இருபத்தொரு நாள்."

"இருபத்தொரு நாள் அவ அந்த நோவோடயோ கிடந்தவ?"

அவ்வளவுதான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அழுததை நான் பார்த்தேன். பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் அழாத காலம் அது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கா தனக்கா என்று புரியாதபடி சொன்னார்.

"நான் அவவுக்குச் சொல்லியிருக்க வேணும். மாறாது எண்டு தெரிஞ்சிருந்தா அவ ஆருக்காக அதைத் தாங்கப் போறா? உங்கட அப்பா வேண்டாம் எண்டார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன்."

எழுந்து கம்பவுண்டரை விலகச் சொல்லிவிட்டுத் தானே கலந்தார். தானே காகிதத்தை மடித்தார், கத்தரித்தார், ஒட்டினார். பையை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தே வந்தார். சைக்கிள் அங்கேயே நின்றது.

அத்தை வீட்டில் வழக்கம்போலக் கை கழுவினார். யாரையும் வாசலுக்கு அழைக்கவில்லை. கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து, இது மாறாத வருத்தம், தீராத நோய் என்று அத்தையிடமே நேராகச் சொன்னார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் முறத்தைக் கையில் பிடித்தபடி கேட்டேன். அத்தை அப்படியொன்றும் செத்துப் போய்விடவில்லை. "தெரியும் டாக்டர். நீங்க எப்பச் சொல்வீங்கன்னுதான் இருந்தேன். அந்த மருந்தைக் குடுங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் சத்தம் நின்றது. நின்றதும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அத்தை கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு தூங்கினார். நான் மூக்கருகே விரலை நீட்டினேன். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இறக்கினார்.

"நித்திரைதான், பிள்ளை. எழும்பும்வரை நான் இருக்கிறன்."

மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை அத்தையின் நாடியில் இருந்தது. சாயங்காலம் அத்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அத்தை அதன் பிறகு இரண்டு மாதம் இருந்தார், பெரும்பாலும் சத்தமில்லாமல், பேசிக்கொண்டு.

என் அம்மா தூங்கிய அன்று எங்கள் வீட்டுப் பெட்டி காலியாகக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று, அவள் எழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.